பாப்பரசருக்கு ஒரு போத்தல் காமாட் எண்ணெய்

“போப்புக்கு எதுக்கு மம்மி மின்யாக் காமாட்?”

“முட்டிக்குத்தான்! வேற எதுக்கு, மீன் பொரிக்கவா?”

“அலமாக்! அவருக்கு டாக்டரே இல்லையா? ரோம்ல மருந்துக் கடையே இல்லையா?”

“இருந்தா ஏன் அந்த மனுஷன் இன்னும் வீல்சேர்ல உக்காந்திருக்காரு? நீ சொல்லு பாப்போம்.”

“ஏர்போர்ட்ல புடிச்சா கடல் அட்டை எண்ணெய்னு நான் எந்தப் பாஷையில சொல்றது?”

“போர்ச்சுகீசு பாஷையில சொல்லு. அங்கதானே போற?”

வினிஃப்ரெட்டின் குரல் பெக்கான் நானாஸ் சந்தையில் மீன் விலை பேசிப் பேசியே பழுத்த குரல். அன்று சாயங்காலம் அது நாலைந்து வீடு தள்ளிக் கேட்டது. அதற்கு அப்பால் இருந்த வீடுகளுக்கு, அடுத்த வீட்டு ராஜம்மா எந்தக் கூலியும் வாங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

விஷயம் இதுதான். வினிஃப்ரெட்டின் ஒரே மகள் ஷர்மைன், பொந்தியானில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவள், லிஸ்பனில் நடக்கும் உலக இளையோர் யாத்திரைக்குப் போகிறாள். மறைமாவட்டத்திலிருந்து ஒரு கூட்டம் கிளம்புகிறது. உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கே கூடப் போகிறார்கள், பாப்பரசரும் வரப் போகிறார். இதைக் கேட்டதும் ராஜம்மாவின் கணவர் சபாபதி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “போர்ச்சுகீசுக்காரங்கள பாக்கணும்னா மலாக்கா போனா போதுமே லா. பொரிச்ச மீனும் கெடைக்கும்,” என்று யோசனை சொன்னதோடு சரி. வினிஃப்ரெட்டுக்கு மட்டும் அந்த நாளிலிருந்து கால் தரையில் படவில்லை. படாமல் இருந்ததும் ஒரு விதத்தில் நல்லதுதான், ஏனென்றால் பட்டால் முட்டி வலிக்கும்.

வீட்டு வாசலில் குடை விரித்து நாசி லெமாக் விற்பவள் அவள். விடியுமுன்பே தேங்காய்ப் பாலில் சோறு கொதிக்கும். சம்பலை நின்றுகொண்டே கிளற வேண்டும், பொட்டலத்தை நின்றுகொண்டே மடிக்க வேண்டும். சிங்கப்பூர் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு இறங்க நேரம் இருக்காது, அதனால் ரோட்டோரம் வரை நடந்துபோய்க் கையில் கொடுக்க வேண்டும். இப்படி நின்றும் நடந்தும் அவள் முட்டி இரண்டும் கெட்டுப்போயின. லங்காவிக்குச் சுற்றுலா போன யாரோ வாங்கி வந்த காமாட் எண்ணெய், கடல் அட்டையைக் காய்ச்சி வடித்தது, அதுதான் அவளை நிற்க வைத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் டெலிவிஷனில் பாப்பரசர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழப் பார்த்ததை அவள் பார்த்தாள். எழும்போது முகம் சுளித்த விதம் அப்படியே அவளுடையது. வலது முட்டி.

அன்றிலிருந்து அவர் அவளுக்குத் தூரத்து மனுஷராக இல்லை.

தவிர, அந்தப் பாப்பரசருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கே பேசினாலும் முடிவில், எனக்காக வேண்டிக்கொள்ள மறக்காதீர்கள் என்று கேட்பார். மற்றவர்கள் அதை ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். வினிஃப்ரெட் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் அவளிடம் எல்லாரும் கேட்பது கூடக் கொஞ்சம் சம்பல்தான். ஒரு மனுஷர் வாய்விட்டுச் செபம் கேட்கிறார், கொடுக்காமல் இருப்பதா? தேங்காய்ப் பால் பொங்கி வரும் நேரத்தில் கரண்டியும் கையுமாக அவருக்கென்று ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிவிடுவாள். அதைச் சொல்லி முடிக்கவும் பால் பொங்கவும் சரியாக இருக்கும்.

ஷர்மைன் போத்தலை முதுகுப் பையிலிருந்து எடுத்து மேசையில் டொக்கென்று வைத்தாள்.

“என் பேக்க ரெடி பண்ணத் தெரியுது. டேடிய ரெடி பண்ணத் தெரியல உங்களுக்கு. வழியனுப்புற பூசையில எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்பாவும் அம்மாவும் நெத்தியில சிலுவை போட்டு அனுப்புவாங்க. நான் மட்டும் உங்களோட ஒத்தையா நிக்கணுமா? பாதர் கேட்டா என்ன சொல்ல? எங்கப்பா ஒரு லோரிக்காக மாதாவோட கோவிச்சிக்கிட்டாருன்னா?”

வெளியே லோரியைக் கழுவிக்கொண்டிருந்த கிரகோரி ரப்பர் குழாயை இன்னும் கொஞ்சம் திருகினார். தண்ணீர்ச் சத்தம் கூடியது. கேட்காதது போல இருக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

லோரிக் கதை அந்த லோரோங்கில், அந்தச் சந்தில், எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். கிரகோரி தோட்டங்களிலிருந்து தொழிற்சாலைக்கு அன்னாசி ஏற்றுபவர். ஒவ்வொரு வருஷமும் கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் லோரியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, தென்னங்கீற்றும் காகிதப் பூவும் கட்டி, மாதா சுரூபத்தை அதன் மேல் ஏற்றி ஊர்வலம் ஓட்டிப் போவார். அன்று வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன்கூடப் போட்டிருப்பார். ஒரு வருஷம் திருவிழாக் கமிட்டித் தலைவர் கிளெமென்ட் புதிதாக ஹைலக்ஸ் பிக்கப் வண்டி வாங்கினார். வாங்கிய வேகத்தில், “லோரியில அன்னாசி வாசம் போவ மாட்டேங்குது, மாதா மேல ஈ மொய்க்குது,” என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். மாதா அந்த வருஷம் ஹைலக்ஸில் போனார். கிரகோரி கீற்றை அவிழ்த்தார், வீட்டுக்கு வந்தார், அதற்குப் பிறகு கோயில் படி மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லோரிக்கு வேலை நாளாயிற்று. சாயங்காலம் காப்பிக்கடையில் பீர்.

இப்படி இருக்கும்போதுதான் சபாபதி ஒரு வேலை செய்தார்.

சபாபதி வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். விரதம் என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் வேலியோரம் ஷர்மைன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, யாத்திரைக்கு எல்லாம் ரெடியா?”

“பிரிப்பரேஷன் நடக்குது அங்கிள். வாராவாரம் கிளாஸ், செபம், பாவசங்கீர்த்தனம் எல்லாம் இருக்கு.”

“அதான் கேக்கறேன். எப்போலேர்ந்து?”

“ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு அங்கிள்.”

“அப்படியா,” என்று சொல்லிவிட்டு சபாபதி உள்ளே போனார். ராஜம்மாவைக் கூப்பிட்டு, அடுத்த வீட்டுப் பெண் விரதத்தில் இருக்கிறது, இனிமேல் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மீன் பொரிக்கக் கூடாது என்றார். யாத்திரை என்றால் விரதம், அவருக்குத் தெரிந்து வேறு விதமான யாத்திரை உலகத்தில் கிடையாது. ராஜம்மா விஷயத்தைக் கேட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று இந்நேரம் எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

மறுநாள் காலை ஷர்மைனுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு சொம்பு பாலும் வந்தது. கடைசி வீட்டுக்காரர்கள் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்கள். நாசி லெமாக் வாங்க வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றி, “ஆண்டி, வீட்டுல விரதமாமே, ஈக்கான் பிலிஸ் போடுவீங்களா மாட்டீங்களா?” என்று கேட்டான்.

“யாருடா சொன்னது?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

வினிஃப்ரெட் அவனுக்கு நெத்திலியை இரட்டிப்பாக அள்ளிப் போட்டு அனுப்பினாள். இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு இன்றே முடிவு கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்று சாயங்காலம் ஒரு அதிசயம் நடந்தது. கிரகோரி வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். மூச்சில் பீர் வாசம் இல்லை. முகம் மட்டும் பூட்டின கடை மாதிரி இருந்தது.

காரணம் ராஜம்மா வழியாக வந்தது. காப்பிக்கடையில் கிரகோரி வழக்கம்போலக் கையைத் தூக்கிப் பீர் கேட்டிருக்கிறார். பக்கத்து மேசையிலிருந்து சபாபதி எழுந்து வந்திருக்கிறார்.

“என்னப்பா கிரகோரி, புள்ள யாத்திரை போவுது. நீ இங்க உக்காந்து பீர் குடிக்கிற?”

“அண்ணே, எங்களுக்கு அப்படியெல்லாம் கெடையாதுண்ணே.”

“யாருக்குக் கெடையாது? ஒரு வீட்டுல ஒருத்தர் விரதம்னா வீடே விரதம். நாளைக்குப் போற வழியில புள்ளைக்கு ஒண்ணுன்னா நீதான் பதில் சொல்லணும். ஏ தவ்கே, இவருக்கு தே ஓ குடு. பீர் வேணாம்.”

கடைக்காரச் சீனர் பீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பால் சேர்க்காத தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டாராம். பாதர் சொல்லி நடக்காதது, பெண்டாட்டி அழுது நடக்காதது, காவடிக்காரர் ஒரு அதட்டுப் போட்டு நடந்தது.

ஷர்மைனுக்கு இது எதுவும் தெரியாது. வேலை முடிந்து வந்தவள் கையில் பொரித்த கோழி டப்பா. சமையலறையில் நின்றபடி ஒரு கோழிக் காலை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

“வெச்சிடு அதை,” என்றாள் வினிஃப்ரெட், ரகசியக் குரலில்.

“ஏன்?”

“நீ விரதம்.”

“நான் விரதமே இல்ல மம்மி. சபாபதி அங்கிள் என்னமோ நெனச்சிக்கிட்டாரு. நான் இப்பவே போய்ச் சொல்லிட்டு வரேன், கேக்கவே சிரிப்பா இருக்கு.”

“சத்தம் போடாத. உங்கப்பா எங்க இருக்காரு பாரு.”

ஷர்மைன் எட்டிப் பார்த்தாள். கிரகோரி முன்னறையில் உட்கார்ந்து, இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு வந்த மனுஷன் என்ன செய்வது என்று தெரியாமல், கழன்றிருந்த மின்விசிறிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் தே ஓ.

“நீ சாப்புட்டா அவரும் குடிப்பாரு,” என்றாள் வினிஃப்ரெட். “அவ்வளவுதான்.”

ஷர்மைன் அந்தக் கோழிக் காலை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு டப்பாவுக்குள் வைத்து மூடினாள். அடுத்த தெருப் பூனைகளுக்கு அன்று நல்ல காலம்.

அப்படித்தான், யாரும் நேராத ஒரு நேர்த்தியை அந்த வீடு கடைப்பிடிக்க ஆரம்பித்தது. முதலில் அப்பாவுக்காகத்தான் ஷர்மைன் மீனும் கோழியும் விட்டாள். போகப் போக வேறு என்னென்னவோ கூடவே விட்டுப் போயின. கைப்பேசியை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடுவது போயிற்று. அம்மாவிடம் எரிந்து விழுவது பாதி போயிற்று, மீதிப் பாதியை நியாயமாக எதிர்பார்க்க முடியாது. சாயங்காலம் தாயும் மகளும் செபமாலை சொல்வார்கள். வகுப்பில் கொடுத்த வேதப் பகுதியை ஷர்மைன் வாசித்துக் காட்டுவாள். மரியா எழுந்து மலைநாட்டுக்கு விரைந்து போய் எலிசபெத்தம்மாளைப் பார்த்த பகுதி.

“வயித்துப் புள்ளையோட அவ்வளவு தூரம்,” என்பாள் வினிஃப்ரெட். “கிராப் டாக்சி உண்டா, பஸ் உண்டா? எலிசபெத்தம்மாவுக்கு வயசான காலத்துல முட்டி வேற வலிச்சிருக்கும். யாராவது போய்த்தானே ஆவணும்.”

“அதான் மம்மி இந்த வருஷத் தலைப்பே. எழுந்து விரைஞ்சி போறது.”

“நமக்கு எழுந்திருக்கறதுதான் கஷ்டம். விரைவு அப்புறம்.”

கதவுக்கு அந்தப் பக்கம் கிரகோரி இருந்தார். செபத்தில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து டெலிவிஷன் சத்தத்தைக் குறைத்துவிடுவார். கிளம்பும் நாள் நெருங்கியதும் வினிஃப்ரெட் தைரியம் வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏங்க, வழியனுப்புற பூசைக்கு...”

“பீர விட்டேன்ல. அது போதும்.”

“புள்ள நெத்தியில ஒரு சிலுவை போட...”

“வீட்டுல போடுறேன். அங்க வர மாட்டேன். அங்க வந்தா என்மேல ஈ மொய்க்கும்.”

பூசைக்கு முந்தின ஞாயிறு, யாத்திரைப் பிள்ளைகள் பெக்கான் நானாஸிலிருந்து பொந்தியான் கோயில் வரை நடந்து பழக வேண்டும் என்று பாதர் ஏற்பாடு செய்திருந்தார். முன்னால் ஹைலக்ஸில் மாதா சுரூபம், பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு பிள்ளைகள். விருப்பமுள்ள பெற்றோரும் நடக்கலாம். வினிஃப்ரெட், நானும் நடக்கிறேன் என்றாள்.

“இந்த முட்டிய வெச்சிக்கிட்டா?” என்றார் கிரகோரி.

“போப்பு முட்டிய வெச்சிக்கிட்டு உலகமே சுத்துறாரு. நான் பொந்தியான் போவக் கூடாதா?”

வெளிச்சம் சரியாக வருவதற்கு முன்னாலேயே கிளம்பினார்கள். சாலையின் இரண்டு பக்கமும் அன்னாசித் தோட்டம். கால் வைத்தால் அமிழும் கரி மண், அதன் ஈர வாசம். முள் கிழிக்காமல் இருக்கக் கை முழுக்கத் துணி சுற்றிய ஆட்கள் வரிசைக்குள் குனிந்து காய் அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்வலத்தைப் பார்த்து ஒருத்தி நிமிர்ந்து கும்பிட்டாள். வினிஃப்ரெட் முட்டி இரண்டிலும் எண்ணெய் தேய்த்துத் துணி கட்டியிருந்தாள். கொஞ்ச தூரத்திலேயே பிள்ளைகள் முன்னே போய்விட்டார்கள். ஷர்மைன் மட்டும் அம்மாவோடு பின்தங்கினாள்.

அப்போதுதான் பின்னால் ஒரு இன்ஜின் சத்தம். தாண்டிப் போகவில்லை. திரும்பிப் பார்த்தால் அன்னாசி ஏற்றிய லோரி, இரண்டு பக்க விளக்கும் மினுக் மினுக்கென்று எரிய, ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

“டேடியா அது?”

“திரும்பிப் பாக்காத,” என்றாள் வினிஃப்ரெட். “மாட்ட வேணாம் மனுஷன்.”

“யாரு சொல்லி வராரு?”

“சபாபதி அண்ணன்தான் போன் போட்டிருப்பாரு. பொண்டாட்டி ரோட்டுல விழுந்து கெடக்கப் போறான்னு.”

அவள் நின்றால் லோரி நின்றது. நடந்தால் நகர்ந்தது. பின்னால் வந்த கார்களெல்லாம் ஹாரன் அடித்து, திட்டி, தாண்டிப் போயின. வினிஃப்ரெட்டுக்கு முட்டி வலி போதாதென்று சிரிப்பு வேறு வந்தது. இரண்டு தடவை வேண்டுமென்றே நின்று பார்த்தாள்.

பிறகு கடல் பக்கமிருந்து சுமாத்ரா காற்று வந்தது. அந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது சொல்லிவிட்டு வராது. வானம் ஒரு பக்கம் கரிச்சட்டியாக எழும்பி, முதலில் குளிர்ந்த காற்று, அடுத்த மூச்சில் மழை. அன்னாசித் தழையெல்லாம் ஒரே திசையில் சாய்ந்தது. பிள்ளைகள் ஓடிப்போய் ஹைலக்ஸைச் சூழ்ந்துகொண்டார்கள். கிளெமென்ட் எதிரில் வந்த பாம் எண்ணெய் டாங்கர் லோரிக்கு ஒதுங்குகிறேன் என்று வண்டியைச் சாலை விளிம்பைத் தாண்டி இறக்கினார். கரி மண் அதற்குத்தான் காத்திருந்தது. ஒரு பக்கச் சக்கரம் பாதிக்கு மேல் உள்ளே போனது. முடுக்க முடுக்க இன்னும் போனது. பின்பக்கம் சாயவே, பிளாஸ்டிக் சுற்றிய மாதாவை இரண்டு பையன்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

லோரி வந்து நின்றது. கிரகோரி இறங்கினார்.

“கிரகோரி,” என்றார் கிளெமென்ட், மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக. “கயிறு இருக்கா?”

“லோரிக்காரன்கிட்ட கயிறு இல்லாமயா?”

கட்டி இழுத்துப் பார்த்தார்கள். ஹைலக்ஸ் அசைந்ததே தவிர ஏறவில்லை. மழை விட்ட பிறகு டிராக்டர்தான் வர வேண்டும். கிளெமென்ட் மாதாவைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வினிஃப்ரெட்டுக்கு அந்த நேரம் முட்டி இருப்பதே மறந்துபோயிற்று. கிரகோரி சும்மா நின்றால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்றும் அவளுக்குத் தெரியும்.

கிரகோரி லோரி மேல் ஏறினார். அன்னாசிகளை இரண்டு கையாலும் ஒதுக்கி நடுவில் பள்ளம் செய்தார். தார்ப்பாயை நாலாக மடித்து அதில் போட்டார். பிறகு கையை நீட்டினார்.

“குடுங்க.”

மாதா கைமாறிக் கைமாறி மேலே போனார். அன்னாசிக் கொண்டைகளுக்கு நடுவே, பச்சை முடி வைத்த ஒரு பெரிய கூட்டத்துக்கு நடுவே நிற்பது போல நின்றார். சுற்றிலும் பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். கடைசியாகக் கிளெமென்ட் ஏறினார், ஏறும்போது ஒரு காய் இடுப்பில் குத்தியது.

“இன்னிக்கு ஈ ஒண்ணும் இல்ல போலயே, கிரகோரி,” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், முகம் அப்படிப் போயிற்று.

கிரகோரி லோரியின் பின்பலகையைத் தூக்கிக் கொக்கி போட்டார்.

“மழையில ஈக்கு என்ன வேலை? புடிச்சி உக்காருங்க, வழுக்கும்.”

வினிஃப்ரெட் முன் சீட்டில் ஏறினாள். கண்ணாடி துடைப்பான் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. மேலே பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து செபமாலையைத் தொடர்ந்தார்கள்.

“முட்டி எப்படி இருக்கு?”

“உயிர் போவுது.”

“அப்புறம் எதுக்கு நடந்த?”

“நீங்க பின்னால வந்தீங்கல்ல. அதான் நடந்தேன்.”

கிரகோரி பொந்தியான் கோயில் வாசலில் லோரியை நிறுத்தினார். மாதாவை இறக்க ஒரு கை குறைந்தது. தூக்கிக்கொண்டு படியேறினார், உள்ளே போனார், பீடத்தருகே வைத்தார். வைத்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தது போல இருந்தது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முழந்தாளிட்டார்.

வழியனுப்பும் பூசைக்கு வெள்ளைச் சட்டை வெளியே வந்தது. இடைப்பட்ட காலத்தில் வயிறு கொஞ்சம் முன்னேறியிருந்ததால் ஒரு பட்டன் மட்டும் ஒத்துழைக்கவில்லை. பிள்ளைகள் வரிசையாக மண்டியிட்டார்கள். வினிஃப்ரெட் முதலில் போட்டாள். பிறகு கிரகோரி, அன்னாசித் தழை கிழித்துக் காய்த்துப்போன கட்டைவிரலால், மகளின் நெற்றியில் மெதுவாகச் சிலுவை வரைந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பஸ் ஏறுமுன் வரைந்த அதே சிலுவை.

“டேடி, கையில அன்னாசி வாசம்,” என்றாள் ஷர்மைன், அழுகையும் சிரிப்புமாக.

“சவர்க்காரம் போட்டுத்தான் கழுவினேன்.”

“பரவால்ல. இருக்கட்டும்.”

மூன்றாம் வரிசையில் சபாபதியும் ராஜம்மாவும் குளித்துத் திருநீறு இட்டு உட்கார்ந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் சபாபதி ஷர்மைனிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

“இப்பவே விரதத்த முடிச்சிடாத. தரிசனம் ஆனப்புறந்தான் கோழி.”

“சரி அங்கிள்,” என்றாள். காமாட் போத்தல் பைக்குள் இருந்தது. யாரும் சொல்லாமல் அவளே வைத்துக்கொண்டது.

லிஸ்பனில் நடந்த நிறைவுத் திருப்பலி நமக்கு ஞாயிறு சாயங்காலம் தெரிந்தது. பந்தாட்டம் பார்க்கச் சபாபதி வாங்கிய பெரிய டெலிவிஷனுக்கு முன்னால் லோரோங்கில் பாதி உட்கார்ந்திருந்தது. ராஜம்மா சுண்டல் செய்திருந்தாள். கடல் மாதிரி பிள்ளைகள். அதில் எங்கேயோ ஒரு மலேசியக் கொடி வந்து போனதும், “அதோ நம்ம ஷர்மைன்!” என்று ராஜம்மா கத்தினாள். அது யாராகவும் இருக்கலாம். எல்லாரும் ஷர்மைன்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். பாப்பரசர் முகம் திரை முழுக்க வந்தபோது ராஜம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். “களைச்சிப் போயிருக்காரு பாவம். ராத்திரி தூங்கல போல,” என்றாள். வினிஃப்ரெட் அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து நின்றபோது இவளும் தன்னையறியாமல் கூடவே எழுந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சபாபதியின் கைப்பேசி சிணுங்கியது. ஒரு தட்டில் கோழிக் கறி, பக்கத்தில் ஷர்மைனின் வெயில் பட்டுக் கறுத்த முகம். கீழே எழுதியிருந்தாள்: தரிசனம் ஆச்சு அங்கிள்.

“புள்ளன்னா இது புள்ள,” என்றார் சபாபதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஷர்மைன் திரும்பி வந்தபோது போத்தல் காலியாக இருந்தது.

“போப்புகிட்ட குடுக்க முடியல மம்மி. அவரு எனக்குக் கட்டைவிரல் அளவுதான் தெரிஞ்சாரு.”

“அப்புறம் எண்ணெய்?”

“நாங்க தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி வலி, படியேற முடியல. தேச்சி விட்டேன். அவங்க அக்கம்பக்கத்துல சொல்லிட்டாங்க, அவங்களும் வந்தாங்க. அப்புறம் அவ்வளவு தூரம் நடந்ததுல எங்க கூட்டத்துக்கே கால் வலி. யாரு எந்த ஊர்னு தெரியல மம்மி, கால நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க, தேச்சேன். தேக்கும்போதெல்லாம் போப்புக்குத் தேக்கற மாதிரியே நெனச்சிக்கிட்டேன். அவ்வளவு தூரத்துல நின்னாலும் தூரமாவே தெரியல.”

வினிஃப்ரெட் காலிப் போத்தலைக் கழுவி அலமாரியில் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எண்ணெய் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மட்டும் ராஜம்மாவிடம் சொன்னாள். ராஜம்மா அதை, போப்பு தேய்த்துக்கொண்டார் என்று சொன்னாள். மாதக் கடைசியில் காப்பிக்கடையில், வத்திக்கானிலிருந்து ஒரு பெட்டி காமாட்டுக்கு ஆர்டர் வந்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். கிரகோரி மறுக்கவில்லை. தே ஓவை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருந்தார்.

ஆண்டு ஒன்று போய் மறு ஆண்டு, ஈஸ்டருக்கு மறுநாள் சாயங்காலம் அந்தச் செய்தி வந்தது. பாப்பரசர் காலமானார். வினிஃப்ரெட் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வேலிக் கதவு திறந்தது. ராஜம்மா ஒரு கையில் காப்பிப் பிளாஸ்க், மறு கையில் இடியப்பத் தூக்கு. பின்னால் சபாபதி, சட்டையெல்லாம் மாட்டி, துக்கம் கேட்க வருகிற முகத்தோடு.

“எழுந்திருக்காத வினி,” என்றாள் ராஜம்மா. “துக்க வீட்டுல அடுப்பு பத்த வெக்கக் கூடாது. நான் எல்லாம் கொண்டாந்துட்டேன்.”

அதுவரை அடக்கி வைத்திருந்த வினிஃப்ரெட் அவள் மடியில் சாய்ந்து அழுதாள். உலகத்தில் எத்தனையோ பெரிய பெரிய இடங்களில் அன்று அஞ்சலி நடந்திருக்கும். அவருக்காக வீடு தேடி வந்து துக்கம் கேட்டது இங்கேதான்.

சபாபதி கிரகோரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். “வயசு என்ன ஆச்சு?”

“எம்பத்தெட்டு.”

“கல்யாணச் சாவுதான்.”

“அவருக்குக் கல்யாணமே ஆவலண்ணே,” என்றார் கிரகோரி.

வினிஃப்ரெட் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். பிறகு எல்லாரும் இடியப்பம் சாப்பிட்டார்கள்.

ஷர்மைன் கிளெமென்ட் மகனைத்தான் கட்டுவாள் என்று லோரோங் முடிவு செய்து வைத்திருந்தது. இருவரும் ஒரே கூட்டத்தில் லிஸ்பன் போனவர்கள், இரண்டு அப்பாக்களும் இப்போது சேர்ந்தே மாதா லோரியைக் கழுவுகிறார்கள், வேறு என்ன வேண்டும்? அவள் கட்டியது பத்து பாகாட் என்ற ஊரில் துணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ரயனை. பல் பிடுங்க வந்தவன். யாத்திரை எதற்கும் போனதில்லை, கோழி இல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பிட மாட்டான். இப்போது அவர்கள் பத்து பாகாட்டில். கிளெமென்ட் மகன் மெல்பர்ன் போய்விட்டான். சபாபதிக்குச் சர்க்கரை கூடியதும் மகன் ரூபேந்திரன் வந்து இருவரையும் காஹாங்குக்கு அழைத்துப் போனான். அவனுக்கு அங்கே செம்பனை மில்லில் வேலை. சாமான் ஏற்றிப் போனது கிரகோரியின் லோரிதான், கூலி பேச விடவில்லை. அவர்கள் வீட்டில் இப்போது யாரோ குடியிருக்கிறார்கள், நல்லவர்கள்தான், ஜன்னலைத் திறந்து வைத்து மீன் பொரிக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் ராஜம்மா காஹாங்கிலிருந்து போன் பண்ணுவாள். ஊர்க் கதையெல்லாம் முடிந்து, வைக்கப் போகும் நேரத்தில் மறக்காமல் கேட்பாள்.

“ஆமா வினி, புதுப் போப்பு எப்படி இருக்காரு? முட்டியெல்லாம் நல்லாருக்கா?”

“நல்லாருக்காருக்கா. டென்னிஸெல்லாம் ஆடுவாராம்.”

“ஆடட்டும், ஆடட்டும். எதுக்கும் நீ ஒரு போத்தல் வாங்கி வெச்சிரு.”

வினிஃப்ரெட் வாங்கி வைத்திருக்கிறாள்.